புயல் வலுவிழந்த பிறகுதான் நமக்கு மழை



ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் நம் கடைகளில் தவறாமல் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "புயல் கரையைக் கடந்துவிட்டதாம், வலுவிழந்துவிட்டதாம், இனிமேல் ஒன்றும் இல்லை" என்று சாமான் வாங்க வந்தவர் சொல்வார். நாமும் சரிதான் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பொட்டலத்தைக் கட்டுவோம். கடலோர ஊர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, பேளுக்குறிச்சி என்று கொல்லிமலை அடிவாரத்தில் வியாபாரம் செய்யும் நமக்கு அது பொருந்தாது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் "வலுவிழந்தது" என்ற சொல் வரும்போதுதான் நாம் குடோன் சாவியைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன்.

புயல், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற பெயர்கள் எல்லாம் காற்றின் வேகத்தை வைத்துக் கொடுப்பவை. மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் அது புயல். பெயர் சூட்டுவதும் அப்போதுதான். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். ஆகவே "வலுவிழந்தது" என்றால் காற்று குறைந்தது என்று மட்டுமே பொருள். மழை குறைந்தது என்று பொருள் அல்ல. கடலிலிருந்து அள்ளி வந்த ஈரம் அப்படியே மேகத்தில் இருக்கிறது. வேகம் இழந்த மேகக் கூட்டம் மெதுவாக நகரும். சில சமயம் ஒரே இடத்தில் நின்றுவிடும். எதிரே மலை ஒன்று வந்தால் அந்த ஈரக் காற்று மேலே ஏறியாக வேண்டும். மேலே ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். மூவாயிரம் நாலாயிரம் அடி உயரத்துக்கு நிற்கும் கொல்லிமலையும், அதற்கு வடக்கே சேர்வராயனும் கல்வராயனும் செய்கிற வேலை இதுதான்.

இதற்கு அண்மைக் காலச் சாட்சி 2024ஆம் ஆண்டு வந்த ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30ஆம் தேதி இரவு அது புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று புதுச்சேரியையும் விழுப்புரம் மாவட்டத்தையும் மூழ்கடித்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 1ஆம் தேதி அது வலுவிழந்தது என்ற அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அன்று திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரு வீட்டின் மேல் விழுந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். டிசம்பர் 2ஆம் தேதி காலைக் கணக்குப்படி, கடலிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்திருந்தது. அந்த ஊருக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் ஒரே நாளில்! சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் வெள்ளத்தில் அட்டைப் பெட்டி போல மிதந்து போனதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்க வேண்டியதாயிற்று. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதை சரிந்து போக்குவரத்து நின்றது.

இந்த மழை ஊத்தங்கரையில் கொட்டியதற்குப் பதில் நூறு கிலோமீட்டர் தெற்கே தள்ளிக் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வாரம் முழுவதும் எனக்கு யோசனையாக இருந்தது. நம் ஊரில் தாழ்வான கடைகள் எத்தனை, தெருமட்டத்துக்குக் கீழே தரை போட்ட குடோன்கள் எத்தனை என்று நமக்கே தெரியும்.

பழைய கதை ஒன்றும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1977 நவம்பர் 12ஆம் தேதி அதிகாலையில் ஒரு புயல் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரையேறியது. தஞ்சை, திருச்சி வழியாக மேற்கே போய் மறுநாள் அரபிக் கடல் பக்கம் இறங்கிவிட்டது. திருச்சி நகரம் அந்த வெள்ளத்தில் பட்ட பாட்டை அன்று அங்கே சரக்கு எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 560 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. சரியாக ஒரு வாரம் கழித்து, 19ஆம் தேதி, ஆந்திராவில் திவிசீமையை ஒரு புயல் அழித்தது. அங்கே பலி பத்தாயிரம் அளவுக்குப் போனதால் நம் பக்கத்துப் புயலைப் பற்றிய பேச்சு அதோடு அமுங்கிவிட்டது.

நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. மாணவன். விடுமுறை என்பதை முன்கூட்டி அறிவிக்கும் வழக்கம் எல்லாம் எங்கள் பள்ளியில் இருந்ததில்லை. நனைந்துகொண்டு போய் நின்றால், வகுப்பறை ஒழுகுகிறது, வீட்டுக்குப் போங்கள் என்பார்கள். அந்த முறையும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தால் என் தகப்பனார் கடையில் உப்பு மூட்டைகளைத் தனியே ஒதுக்கி, வெல்லச் சிப்பங்களைப் பரண் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். விடுமுறையில் விளையாடலாம் என்று வந்தவனுக்கு மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்து வர வேண்டிய லாரி வரவில்லை, எப்போது வரும் என்று கேட்கத் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கு இரண்டு படி கேட்டால் ஒரு படி என்று அளந்து கொடுத்தார் அப்பா. பழைய வாடிக்கை, புது வாடிக்கை என்று பார்க்கவில்லை. விலையையும் மாற்றவில்லை.

இப்போது பள்ளி விடுமுறை விஷயத்துக்கு வருகிறேன். அதற்கும் நம் வியாபாரத்துக்கும் உள்ள தொடர்பை நம்மில் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

சென்னை வானிலை மையத்தில் இருந்து 2016இல் ஓய்வு பெற்ற ரமணன் அவர்களைப் பிள்ளைகள் எல்லாம் "லீவு விடும் சார்" என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் வானிலை மையம் விடுமுறை விடுவதில்லை; அது எச்சரிக்கை மட்டுமே கொடுக்கும். விடுமுறை விடுவது மாவட்ட ஆட்சித் தலைவர். வட்டாட்சியர்களிடமிருந்து வரும் மழை நிலவரம், சாலை நிலவரம், பள்ளிக் கட்டடங்களின் நிலை இவற்றைப் பார்த்து அவர் முடிவு செய்கிறார். சில நாட்களில் மாவட்டம் முழுவதற்கும், சில நாட்களில் ஒரு வட்டத்துக்கு மட்டும் விடுமுறை வரும். நம் மாவட்டத்தில் மலை ஒரு தனி வட்டமாக இருப்பதால், மேலே மட்டும் விடுமுறை, கீழே பள்ளி உண்டு என்று வருவதற்கும் இடம் இருக்கிறது. அப்படி வந்தால் அதை நாம் மலைப்பாதை பற்றிய செய்தியாகவே படிக்க வேண்டும். பிள்ளைகள் நடக்க முடியாத பாதையில் நம் சரக்கு வண்டி மட்டும் எப்படி ஏறும்?

விடுமுறை அறிவிப்பு காலை ஆறு மணிக்கு வந்தால் ஏழு மணிக்குக் கடையில் வியாபாரத்தின் முகமே மாறிவிடும். பிள்ளைகள் மதியம் பள்ளியில் சத்துணவு சாப்பிடுகிறார்கள். 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலைச் சிற்றுண்டியும் கிடைக்கிறது. பள்ளி மூடினால் இந்த இரண்டு வேளையும் வீட்டுக்குத் திரும்புகிறது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் அன்று மழையால் வேலையும் இருக்காது. ஆக வருமானம் இல்லாத நாளில் சாப்பாட்டுச் செலவு கூடுகிறது. ரவை, சேமியா, கோதுமை மாவு, முட்டை, சின்னப் பாக்கெட் எண்ணெய், ஐந்து ரூபாய் பத்து ரூபாய் மசாலாப் பொட்டலம் இவை காலையிலேயே ஓடும். பெரிய பட்டியல் எழுதிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். கடன் கேட்பவர் எண்ணிக்கை கூடும். பள்ளி வாசலில் மிட்டாய், நோட்டு, பேனா விற்கும் சிறு கடைக்காரருக்கோ அன்று போணியே ஆகாது. அவரிடம் அந்த வாரத் தவணையை வசூலிக்கப் போவதைத் தள்ளி வைப்பது நல்லது. நான்கு நாள் தள்ளிக் கேட்டால் நம் பணம் எங்கும் போய்விடாது.

எச்சரிக்கையைப் படிப்பதிலும் நமக்குப் பழைய பழக்கம் ஒன்று விட்டபாடில்லை. "மூன்றாம் எண் கூண்டு, எட்டாம் எண் கூண்டு" என்று துறைமுகக் கூண்டுகளின் எண்ணைக் கவனிக்கிறோம். அவை கப்பல்களுக்காகவும் துறைமுகங்களுக்காகவும் ஏற்றப்படுபவை. கூண்டு எத்தனை என்பது சேந்தமங்கலத்து மளிகைக் கடைக்கு எதையும் சொல்லாது. நாம் பார்க்க வேண்டியது மாவட்டவாரியாக வரும் நிற எச்சரிக்கை. மஞ்சள் என்றால் பொதுவாக 24 மணி நேரத்தில் ஏழு முதல் பதினொன்று சென்டிமீட்டர் அளவு கனமழை. ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 வரை மிகக் கனமழை. சிவப்பு என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல் அதி கனமழை. நாமக்கல்லுக்கு மஞ்சள் என்றும் சேலம், கள்ளக்குறிச்சிக்கு ஆரஞ்சு என்றும் இருந்தால் நாமும் ஆரஞ்சு என்றே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மேகத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது. சந்தேகம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070 என்ற எண்களில் கேட்கலாம்.

சரக்குப் பாதுகாப்பு பற்றிப் புதியவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரக்கட்டை போட்டு அதன் மேல் அடுக்குவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுவரோடு ஒட்டி அடுக்குகிறோம். மழை நாளில் சுவர் வழியாக இறங்கும் ஈரம்தான் அடி மூட்டையைக் கெடுக்கிறது. ஒரு முழமாவது இடைவெளி வேண்டும். உப்பு, சர்க்கரை, வெல்லம் மூன்றும் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. தண்ணீர் படாமலே இளகிவிடும். மலையிலிருந்து வரும் மிளகும் காப்பியும், நாமகிரிப்பேட்டை மஞ்சளும், வற்றல் மிளகாயும் சற்று ஈரம் ஏறினாலே பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததைக் காயவைத்துத் தட்டிக் கொட்டி நல்ல சரக்கோடு கலப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே உள்ள பூஞ்சணம் போனாலும் உள்ளே இறங்கிய நஞ்சு வெயிலில் போகாது. அதை விற்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

இதைவிட முக்கியமான ஆபத்து ஒன்று உண்டு. வண்டு விழாமல் இருக்கச் சில குடோன்களில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார்கள். ஈரம் பட்டால் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷ வாயு வெளியாகும். அந்த மாத்திரை வேலை செய்யும் விதமே அதுதான். வெள்ளம் புகுந்து மாத்திரை டப்பா நனைந்து, அதே அறையில் மழைக்கு ஒதுங்கிக் கடைப் பையன்கள் படுத்திருந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்புக்காரர்கள் கையாள வேண்டிய பொருள் அது. நம் குடோனில் ஒரு டப்பா கூட இருக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரையும் உணவுச் சரக்கோடு வைக்காதீர்கள்.

அடுத்தது காப்பீடு. "நான் ஃபயர் பாலிசி எடுத்திருக்கிறேன், அது தீப்பிடித்தால்தானே?" என்று கேட்கும் உறுப்பினர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2021 ஏப்ரல் முதல் சிறு வணிகங்களுக்கு என்று பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பொதுவான பாலிசி எல்லா நிறுவனங்களிலும் இருக்கிறது. ஓர் இடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது. தீயோடு புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் இதில் அடக்கம். ஆனால் தொகையைக் குறைத்து எழுதினால் தண்டனை நமக்குத்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம் இருப்பு இரட்டிப்பாகிறது, மழையும் அதே நேரத்தில்தான் வருகிறது. இருபது லட்சம் ரூபாய் சரக்கை வைத்துக்கொண்டு பத்து லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவருக்கு நான்கு லட்சம் நஷ்டம் என்றால், கையில் கிடைப்பது இரண்டு லட்சம்தான். பாதிக்குக் காப்பீடு செய்தால் பாதி இழப்பீடு என்பது கணக்கு. புதிய பாலிசியில் பதினைந்து சதவீதம் வரை குறைவாக இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு மேல் போனால் பிடித்தம் உண்டு. வங்கியில் கடன் வாங்கியவர்கள் வங்கியே போட்டிருக்கும் பாலிசியை ஒரு முறை வாங்கிப் படியுங்கள். கடை முகவரி மட்டும் இருந்து, பின் தெருக் குடோன் முகவரி இல்லாமல் இருந்தால் அந்தக் குடோன் சரக்குக்கு ஒன்றும் கிடைக்காது.

நனைந்த மூட்டைகளைப் புகைப்படம் எடுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் வரை தூக்கி எறியாதீர்கள். நல்ல மூட்டைகளைப் பிரித்து எடுத்து வைத்துவிடுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. நஷ்டமாகி அழிந்த சரக்குக்கு நாம் ஏற்கனவே எடுத்துக்கொண்ட ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும், ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. வெள்ளத்தில் சரக்கும் போய் வரியும் கட்டுவதா என்று கோபம் வருகிறது, நியாயமான கோபம்தான். ஆனால் சட்டம் இருக்கிற வரையில் இழப்பீடு கேட்கும்போதே அந்த வரியையும் சேர்த்துக் கணக்குக் கொடுக்க உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கையில் சில்லரை வைத்துக்கொள்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய் ஐந்து வாரம் கூட ஆகவில்லை. மக்கள் கையில் பணம் இல்லை. மின்சாரமும் தொடர்பும் அறுந்ததால் கார்டு இயந்திரமும் ஏ.டி.எம்.மும் ஓடவில்லை. பேரேட்டில் எழுதிச் சாமான் கொடுக்கத் துணிந்த கடைக்காரர்தான் அன்று தெருவுக்குச் சோறு போட்டார். இன்று நம் ஊரில் டீக்கடை வரை செல்போனில் பணம் வருகிறது. டவர் நின்றால் கல்லா நின்றுவிடும். மழை எச்சரிக்கை வந்தால் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகச் சில ஆயிரம் எடுத்து வையுங்கள். கையால் பில் எழுதும் புத்தகமும் ஒன்று இருக்கட்டும்.

கடலோரப் புயல் நம் ஊரைத் தொடாமல் போனாலும் நம் கொள்முதலைத் தொடும். 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் உப்பளங்களை அழித்தது. தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மீண்டும் நட்ட கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். தேங்காய், கொப்பரை, உப்பு, கருவாடு இவற்றை வாங்குபவர்கள் புயல் எந்தக் கரையில் ஏறியது என்பதையும் கவனித்து வாங்க வேண்டும்.

கடைசியாக மலைக்கடைகள் பற்றி. காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் பாறை உருண்டால் போதும், செம்மேடும் சோளக்காடும் கீழ்ச் சந்தையிலிருந்து துண்டிக்கப்படும். முள்ளுக்குறிச்சி வழி ஒன்று இருக்கிறது என்றாலும் அதே மழையில் அதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. மேலே நாற்பதாயிரம் பேர் வாழ்கிறார்கள். மலைக்கடைக்காரர்கள் பெரும்பாலும் வாரம் ஒரு முறை இறங்கி வந்து, கையிலுள்ள பணத்துக்கு மட்டும் சரக்கு எடுத்துப் போகிறவர்கள். பத்து நாள் இருப்புக்கு அவர்களிடம் முதல் கிடையாது. மிளகும் காப்பியும் விற்றுப் பணம் வருவது மழைக்காலம் முடிந்த பிறகுதான்.

ஆகவே ஐப்பசி முதல் வாரத்திலேயே அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி இவற்றில் கூடுதலாகப் பத்து நாள் சரக்கை மொத்த வியாபாரிகளாகிய நாமே மேலே ஏற்றிவிட்டு, தைக்குப் பிறகு பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஒருவரே எல்லாக் கடைக்கும் கொடுத்தால் தாங்காது. ஆளுக்கு நான்கு கடை என்று பிரித்துக்கொண்டால் ஒருவர் தலையிலும் பெரிய சுமை விழாது. எந்தக் கடைக்கு யார் கொடுப்பது, விற்காமல் திரும்பும் சரக்கை எப்படி எடுத்துக்கொள்வது, வண்டி வாடகை யார் கணக்கில் என்பதை எல்லாம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும். செயலாளர் அவர்கள் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறும், மலைக்கடைக்காரர்களில் இரண்டு மூன்று பேரையாவது அன்று அழைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.